மங்கலிலிருந்து பிறக்கும் கூர்மை

பழைய நெகட்டிவ் ஒன்றை ஸ்கேன் செய்து திரையில் திறந்ததும் மனசு கொஞ்சம் சுணங்கும். ஆல்பத்தில் பளிச்சென்று இருந்த சேலைக்கரை இங்கே பனிமூட்டத்துக்குள் கிடக்கும். படம் கெட்டுப்போகவில்லை. ஸ்கேனரின் லென்ஸ் கொஞ்சம் மங்கலாக்குகிறது. சுருண்ட ஃபிலிம் தட்டையாகப் படியாததால் இன்னும் கொஞ்சம். உடனே ‘ஷார்ப்பன்’ பட்டனைத் தேடுகிறோம்.

அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ‘அன்ஷார்ப் மாஸ்க்’. கூர்மையற்ற முகமூடி! கணினிக்கு முந்தைய இருட்டறை வித்தை இது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிட்டிவ் (வெளிச்சமும் இருளும் நேராகத் தெரியும் படம்) எடுத்து, இரண்டையும் சேர்த்து வைத்து அச்சிடுவார்கள். பெரிய பரப்புகளின் வெளிச்ச வேறுபாட்டை மங்கல் படம் அடக்கிவிடும். நுணுக்கங்கள் மட்டும் தப்பி நிற்கும். 1970களில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் வானியல் புகைப்படக்காரர் டேவிட் மாலின், விண்மீன் மண்டலங்களின் பிரகாசத்துக்குள் புதைந்திருந்த விவரங்களை இப்படித்தான் வெளியே கொண்டுவந்தார்.

கணினி இதையே எண்களில் செய்கிறது. இருண்ட கதவும் வெள்ளைச் சுவரும் சந்திக்கும் இடத்தில் பிக்சல்களின் வெளிச்ச அளவு (0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை) 60, 60, 60, 200, 200, 200 என்று இருக்கட்டும். ஒவ்வொன்றையும் இரு பக்கத்துப் பிக்சல்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லையில் மட்டும் 107, 153 என மாறும். அதுதான் மங்கல் பிரதி. அசலிலிருந்து அதைக் கழித்து, வித்தியாசத்தில் பாதியை அசலோடு கூட்டினால் 60, 60, 37, 223, 200, 200. கதவின் ஓரம் கூடுதலாகக் கறுத்தது, சுவரின் ஓரம் கூடுதலாக வெளுத்தது. புதிய விவரம் ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் கண் நம்பிவிடும். வெளிச்சம் பட்ட விழித்திரைச் செல்களின் தூண்டல் பக்கத்துச் செல்களை அடக்குவதால், எல்லைகளை மிகைப்படுத்திப் பார்ப்பது நம் பார்வையின் இயல்பு. இந்த மிகையை எர்ன்ஸ்ட் மாக் 1865லேயே விவரித்திருக்கிறார்.

சரி, ஃபிலிமில் என்ன சிக்கல்? கிரெயின், அதாவது ஃபிலிமில் படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்கள். அவற்றுக்கும் ஓரம் உண்டு. கணக்குக்குப் புருவம் எது, துகள் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே தீட்டிவிடும். முழு ஸ்கேனிலேயே ஷார்ப்பன் செய்தால் வெறும் சுவர்கூட மணலாகிறது. அந்த மணலைக் காப்பாற்ற முயன்று ஜேபெக் கோப்பும் வீங்கும். ‘த்ரெஷோல்ட்’ அளவைச் சற்று உயர்த்தினால் சின்ன வித்தியாசங்கள் விட்டுவிடப்படும். ஆனால் அதிகமானால் தோல் மெழுகாகிவிடும். அது எனக்குப் பிடிப்பதில்லை, கிரெயின் இருக்கட்டும்.

அதைவிட நல்ல வழி, முதலில் படத்தைச் சிறிதாக்குவது. 35 மி.மீ. ஃபிலிமை 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் அகலம் சுமார் 5,600 பிக்சல். அதை 1,400 ஆக்கினால் பதினாறு பிக்சல்கள் ஒன்றாகச் சராசரியாகும், கிரெயினும் தானே அடங்கும். முன்பே செய்த கூர்மையும் அதோடு கரைந்துபோகும். அதனால் தூசியும் கீறலும் நீக்கி, வெளிச்சம் சரிசெய்து, சிறிதாக்கி, அப்புறம்தான் ஷார்ப்பன். ரேடியஸ், அதாவது மங்கல் பரவும் தூரம், அரை பிக்சல் போதும்.

என் பாட்டியின் கறுப்பு-வெள்ளைப் படத்தில் நான் பார்ப்பது மூக்குத்தியை. 100 சதவீத அளவில், அந்த வெள்ளைப் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது. வளையம் மறையும்வரை குறைத்துக்கொண்டே வருவேன்.