சிறுவர் கழகத்துப் பிள்ளைகளுக்கு எதைப் பழக்குவது, எதைப் பழக்கக் கூடாது

யாழ்ப்பாணத்தில் சிறுவர் உரிமைப் பயிற்சி எப்படி நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மண்டபம், பின்னுக்குப் பானர், மங்கள விளக்கு, நாலு பேருடைய உரை, மதியம் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் சான்றிதழோடு குழுப்படம். வந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மாணவத் தலைவர்கள், புலமைப்பரிசிலில் சித்தியடைந்தவர்கள், மேடையில் கூச்சமில்லாமல் பேசக்கூடியவர்கள். கற்றதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அடுத்த மாதம் விசாரித்தால், காலைப் பிரார்த்தனையில் ஒரு பேச்சு நடந்திருக்கும். பேச்சு நன்றாகத்தான் இருந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்கே வராமல் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது கேட்டிருக்காது.

நான் ஒரு சமூகப் பணியாளர். வலிகாமத்துக் கிராமங்களிலும் கரையோரக் குடியிருப்புகளிலும் சிறுவர்களுக்குச் சகபாடிப் பயிற்சி, அதாவது கற்றதைத் தங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், சனசமூக நிலையக்காரர், பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பிள்ளைகள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1978இல் அல்மா-ஆட்டாவில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு பற்றிய பிரகடனம் வந்த கையோடு, 1979ஆம் ஆண்டின் சர்வதேச சிறுவர் ஆண்டை ஒட்டி, லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் டேவிட் மோர்லியும் கல்வியாளர் ஹியூ ஹாவ்ஸும் இதற்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தார்கள். வறிய நாடுகளில் சின்னப் பிள்ளைகளை வளர்ப்பது பாதி அவர்களுடைய அக்காமாரும் அண்ணாமாரும்தான். அப்படியானால் சுகாதாரக் கல்வியை ஏன் அவர்களிடமிருந்து தொடங்கக் கூடாது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. நம்மூரிலும் அதே கதைதான். அம்மா விடிய ஆறு மணிக்கு நண்டுக் கம்பனிக்குப் போனால், அல்லது மத்திய கிழக்குக்கே போய்விட்டால், வீட்டில் காய்ச்சல்காரத் தம்பிக்குக் கஞ்சி வைப்பது பதின்மூன்று வயதுப் பெட்டைதான். அவளைப் பயிற்சிக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, அதனால்தான்.

அதனால் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் பொறுப்பை நான் ஆசிரியர்களிடம் விடுவதில்லை, கிராம அலுவலரிடமும் விடுவதில்லை. ஊரில் பத்திலிருந்து பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளை ஒன்றுசேர்த்து, ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "உனக்கு ஒரு பிரச்சினை வந்தால், பெரியாக்களுக்குச் சொல்ல ஏலாது என்றால், இந்த ஊரிலே எந்தப் பிள்ளையிட்டச் சொல்லுவாய்?" பெயரை எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளை என் காதில் சொல்லலாம். வரும் பெயர்கள் ஆசிரியர் தரும் பட்டியலோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. வரவுப் பதிவில் அரைவாசி நாள் இல்லாத பெட்டை வருவாள். வகுப்பில் வாயே திறக்காத, ஆனால் சைக்கிள் செயின் கழன்றால் எல்லாருக்கும் போட்டுக் கொடுக்கிற பெடியன் வருவான். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆசிரியரோ சங்கத் தலைவரோ தரும் பட்டியலில் சில ஒழுங்கைகளின் பிள்ளைகள் ஒருபோதும் இருக்கமாட்டார்கள். ஏன் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, சாதிதான். பிள்ளைகள் எழுதும் துண்டில் அந்த வேலி கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கிறது.

என்ன பழக்குவது? ஒரு தடவையில் ஒரே ஒரு விஷயம், அதுவும் கையால் செய்து பார்க்கிற விஷயம். வயிற்றோட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜீவனி, அதாவது தண்ணீரில் கலந்து குடிக்கிற உப்புச்சீனிப் பக்கற், எல்லாருக்கும் தெரியும், பார்மசியில் வாங்கலாம். ஆனால் வீடுகளில் பார்த்தால் ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் பக்கற்றில் கொஞ்சத்தைக் கொட்டிக் கலக்குவார்கள், மிச்சத்தை மடித்து வைப்பார்கள். ஒரு பக்கற்றுக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீட்டர், கலந்ததை 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்புக் கூடிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. இதைப் பலகையில் எழுதிப் படிப்பித்தால் அரை மணித்தியாலத்தில் மறந்துவிடுவார்கள். பதிலாகப் பிள்ளைகளை வீட்டிலுள்ள வெற்றுப் போத்தல்களைக் கொண்டுவரச் சொன்னோம். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல், ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல், அளவு தெரியாத சாராயப் போத்தல், எல்லாம் வந்தன. ஒரு லீட்டரை ஒவ்வொன்றிலும் ஊற்றி, எது வரை வருகிறது என்று நெயில் பொலிஷால் கோடு போட்டார்கள். கோடு போட்ட போத்தல் வீட்டுக்குப் போனது. அடுத்த கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் போத்தலோடு வந்து நின்றார்கள். பானர் இல்லை, உரை இல்லை, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

டெங்கும் அப்படித்தான். வடகீழ்ப் பருவமழையோடு ஒவ்வொரு வருடமும் வருகிறது. முட்டையிலிருந்து நுளம்பு வர ஏழிலிருந்து பத்து நாள், ஆகவே கிழமைக்கு ஒருதரம் தேடினால் போதும். சிரட்டை, யோகட் கப், டயர், கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலுள்ள தட்டு என்று பிள்ளைகள் ஊர்ப் படம் கீறி, புழு கண்ட இடத்துக்குச் சிவப்புப் புள்ளி வைப்பார்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது; முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். இது எல்லாச் சுவரொட்டியிலும் இருப்பதுதான். சுவரொட்டி பார்க்காத பெடியங்களுக்கு இன்னொரு பெடியன் சொல்ல வேண்டியது வேறு: காய்ச்சல் விட்டவுடன் பந்தடிக்கப் போகாதே. டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் குறைகிற நேரம்தான். வயிற்றுநோ, தொடர்ந்து சத்தி, மயக்கம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். கடையில் கேட்டு வாங்கும் நோக்குளிசைகள், புரூபன், டைக்குளோபெனாக் எதுவும் வேண்டாம்.

2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அது எலிக்காய்ச்சல் (எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் நோய்) என்று உறுதியாக முன்னரே ஊரெல்லாம் வதந்தி. தண்ணீர் நின்ற வயலில் இறங்கியவர்கள் யார், யாருக்குக் கெண்டைக்கால் நோவோடு காய்ச்சல் என்று பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும். வயலுக்குப் போகும் அப்பாவிடம் "பி.எச்.ஐ. ஐயாவிட்டக் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுங்கோ" என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகச் சொல்லவும், காய்ச்சல் என்றால் வீட்டில் படுத்திருக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குத் துரத்தவும் ஒரு பிள்ளையால் முடியும்.

பெட்டைகளுக்கான வகுப்பை நான் தனியாக வைப்பேன். சாமத்திய வீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) மண்டபம், வீடியோ, ஹெலிகொப்டரில் வந்திறங்குவதுவரை செலவழிக்கிற ஊர் இது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் உடம்பில் என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் கதைத்திருக்கமாட்டார்கள். பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் இருக்கிறது, சில வகுப்புகளில் "வீட்டிலே வாசியுங்கோ" என்று பக்கம் புரட்டப்படும். ஒரு வயது மூத்த அக்கா சொன்னால் கேட்பார்கள். நாப்கினை நாலிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கொருக்கால் மாற்ற வேண்டும், துணி பாவித்தால் வெயிலில் காய வேண்டும். இதிலே வெயில்தான் சிக்கல். பொது மலசலகூடம் உள்ள முகாம் வாழ்க்கையில் துணியை எங்கே காயப்போடுவது? மற்ற உடுப்புக்கு அடியில் ஒளித்துப் போட்டால் ஈரம் போகாது. மெல்லிய பழைய பருத்திச் சீலைத் துண்டொன்றை மேலால் விரித்துவிட்டால் வெயிலும் படும், ஆட்களின் கண்ணிலும் படாது என்று சொன்னது நான் இல்லை, பதினான்கு வயதுப் பிள்ளை.

சரி, உரிமைக்கு வருவோம். சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்டது, இலங்கை 1990இல் கையெழுத்திட்டு 1991இல் உறுதிப்படுத்தியது, 54 உறுப்புரைகள். இதை மனப்பாடம் செய்யவைத்து வினாடி வினா நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைக்குத் தேவையானவை கொஞ்சம்தான். 16 வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயம். 2021இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்திருக்க முடியாது. கராஜ் முதலாளி "உதவிக்கு நிற்கிறான்" என்று சொன்னாலும்தான். 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட்டோ மதுவோ விற்பது குற்றம். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் காலங்கடந்த பதிவு செய்ய வழி இருக்கிறது. பிறகு, 1929.

1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவசத் தொலைபேசி இலக்கம், 24 மணித்தியாலமும் தமிழிலும் பேசலாம். இலக்கம் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், எடுத்தால் என்ன சொல்வது என்பது தெரியாது. ஆகவே ஒத்திகை பார்ப்போம். நான் மறுமுனையில் இருக்கிற உத்தியோகத்தர்.

"எங்கேயிருந்து கதைக்கிறீங்கள்?"

"சேர்ச்சுக்குப் பின்னால, மிஸ்."

"எந்த சேர்ச்?"

"எங்கட சேர்ச்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் கொழும்பில் இருந்து கேட்கிறவருக்கு அந்தப் பதில் உதவாது. பிரதேச செயலகப் பிரிவின் பெயர், 'ஜே' என்று தொடங்கும் கிராம அலுவலர் பிரிவு இலக்கம், பக்கத்திலுள்ள பெரிய இடம் ஒன்று: இந்த மூன்றையும் ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். பெற்றோர் பலருக்கே தங்கள் இலக்கம் தெரியாது. பிள்ளைகள் வீட்டில் கேட்கப் போய் அதுவும் ஒரு பாடமாகிவிடும்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பயிற்றுவித்து ஊருக்குள் விட்டால், டெங்கு கேட்க வருகிற சிநேகிதி ஒரு நாள் வேறொன்றைச் சொல்வாள். மாமா செய்ததை, அல்லது ரியூசன் போகும் வழியில் நடந்ததை. மற்றப் பிள்ளைகள் நம்பிய பிள்ளை என்பதால்தானே அவளைத் தெரிவுசெய்தோம்? அந்த நம்பிக்கை வேலைசெய்கிறது என்பதன் அடையாளம் அது. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. இதற்குத் தயார்படுத்தாமல் நடத்தும் பயிற்சி, உதவி என்ற பெயரில் செய்யும் தீங்கு.

என் வகுப்பில் இதற்கு நீண்ட நேரம் ஒதுக்குவேன். பிள்ளை சொல்ல வேண்டியது மூன்றே வசனம்: "நீ சொல்லுறதை நம்புறன்." "இது உன்ர பிழை இல்லை." "எனக்குத் தெரிஞ்ச பெரியாள் ஒராள் இருக்கிறா, நாங்கள் ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்." செய்யக் கூடாதவை அதைவிட அதிகம். ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணக் கூடாது. இது கடினம், ஏனென்றால் சிநேகிதம் என்றாலே இரகசியம் காப்பதுதான் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டிய ஆளுக்கு மட்டும் சொல்லுவன்" என்று சொல்லப் பழக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. சம்பந்தப்பட்ட ஆளிடம் போய்க் கேட்கக் கூடாது. போனில் பதிவுசெய்யக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லும் கூடாது. மாவா, ஐஸ் போன்ற போதைப்பொருள் விற்கிற கடை எது, கொண்டுவருகிறவன் யார் என்று துப்பறியவும் கூடாது. சில பெரியவர்களே பிள்ளைகளிடம் இந்த விவரம் எடுக்கப் பார்ப்பார்கள். அதை நான் எந்தக் கூட்டத்திலும் எதிர்ப்பேன்.

அந்தப் "பெரியாள்" யார் என்பது பயிற்சி தொடங்கும் முன்னரே தீர்ந்திருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஊருக்குள் ஒருவர் வேண்டும், குடும்பநல உத்தியோகத்தரோ முன்பள்ளி ஆசிரியையோ. இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற ஆளாக இருந்தால் சரி. அந்த ஆள் கிடைக்காத ஊரில் நான் ஜீவனியும் டெங்கும் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பெற்றோர் பக்கம் ஒரு முறைப்பாடு எப்போதும் வரும். ஒரு அம்மம்மா நேரடியாகவே கேட்டார்: "ஏன் பிள்ளை, உரிமை உரிமை எண்டு சொல்லி எங்களையே எதிர்த்துக் கதைக்கப் பழக்கிறியளோ?" நியாயமான பயம்தான். பேத்தியைத் தனியாக வளர்க்கும் மனுசி. அவரை வகுப்பில் ஒரு பக்கம் இருக்கச் சொன்னேன். அன்றைக்கு ஜீவனி வகுப்பு. முடிந்ததும் அவர் கேட்டது, தனக்கும் ஒரு போத்தலில் கோடு போட்டுத் தர முடியுமா என்று. அடிக்கும் விஷயத்தில் அவரும் நானும் இன்னும் ஒத்துவரவில்லை, கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

நேரம் பற்றியும் ஒரு சொல். வறிய பிள்ளைக்கு ஏற்கெனவே வேலை கூட. சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. உரிமை படிப்பிக்கிறோம் என்று சொல்லி அதையே பறித்துவிடக் கூடாது. கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம், அதில் அரை மணி விளையாட்டு, அவித்த கடலையும் தேத்தண்ணியும். தம்பி தங்கையையும் கூட்டிவரலாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் வரவேண்டிய பிள்ளை வராது. ஒரு பிள்ளைக்கு மூன்று சகபாடிகள் போதும். பலனை அளக்க, பயிற்றுவித்த பிள்ளையிடம் கேட்காதீர்கள். அந்த மூன்று பேரிடம் போய்க் கேளுங்கள்.

பெரும்பாலான ஊர்களில் சிறுவர் கழகம் பதிவில் இருக்கிறது, கூட்டம்தான் நடப்பதில்லை. புதிதாக ஒன்று தொடங்காமல் பிரதேச செயலகத்தில் கேட்டு அதையே எழுப்பிவிடலாம். புரட்டாதிக்குள் பிள்ளைகளைத் தெரிவுசெய்துவிட்டால், ஐப்பசி மழைக்கு முன்னர் டெங்கு வகுப்பு முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்குக் கதவு திறக்கும் ஆளைத் தேடும் வேலையை ஆவணியிலேயே தொடங்குங்கள், அதற்குத்தான் கூட நாள் எடுக்கும்.