நெஞ்செரிவு என்று சொல்லி வருகிறவர்கள்

கிளிநொச்சியில் என்னிடம் உளவளத்துணைக்கு வரும் அம்மாமார் யாரும் "எனக்கு மனவடு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு எரியுது பிள்ளை, ராவில நித்திரை இல்லை, கைகால் விறைக்குது" என்பார்கள். ஆஸ்பத்திரியில் இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரி என்று வந்திருக்கும். அந்த நேரத்தில் "எல்லாம் மனசுதான் அம்மா" என்று யாராவது சொல்லிவிட்டால், அவர் பிறகு வாயே திறக்கமாட்டார். எரிவு உண்மை. அது எப்போது கூடுகிறது, யார் பக்கத்தில் இருந்தால் தணிகிறது என்பதில்தான் என் வேலை தொடங்குகிறது.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து தென்மராட்சிப் பக்கம் நடந்த சனத்துக்குள் நானும் ஒரு சின்னப் பிள்ளை. அதனாலேயே எனக்கு எல்லாம் விளங்கும் என்று தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்தேன். பிழை. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்டவர் பட்டது வேறு. அதை அவரிடம் கேட்டுத்தான் நான் அறிய வேண்டும்.

ஆனால் முதல் நாளே கேட்பதில்லை. விசாரணை ஆணைக்குழுக்களுக்கு முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்தவர்கள் இவர்கள். "எந்தக் கதிரையில இருக்க விருப்பம்?" என்பதுதான் என் முதல் கேள்வி. பலர் கதவு தெரிகிற பக்கமாக இருப்பார்கள். கதவைப் பூட்டமாட்டேன். ஹெலி சத்தம் கேட்டால் பேச்சை விட்டுவிட்டு, பாதத்தைத் தரையில் ஊன்றி இருவரும் மெதுவாக மூச்சு விடுவோம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். பொலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு மற்ற இழப்புகளைப் போன்றதல்ல என்று அவர் விளக்கினார். எங்கள் ஊரில் அது சடங்கில் வந்து நிற்கும். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்தால் தானே மகனைக் கொன்றதுபோல. செய்யாவிட்டால் கடன் தீராததுபோல. மனைவிக்கோ பொட்டு வைப்பதா விடுவதா என்பதே தினமும் காலையில் வரும் கேள்வி. இவர்களிடம் "ஏற்றுக்கொள்ளுங்கோ", "மறந்திடுங்கோ" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். சடங்கை எப்போது செய்வது, செய்வதா என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ஆனால் ஒருவர் "இனி இருந்து என்ன" என்று சொன்னால் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒரு அம்மா (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மகனின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் கணவாய்க் கறி வைப்பார். யாரும் தொடமாட்டார்கள், மறுநாள் கொட்டுவார். அதை நிறுத்தச் சொல்லி உறவுகள் சண்டை. நான் நிறுத்தச் சொல்லவில்லை. "அவனோட ஆர் சேர்ந்து சாப்பிடுவினம் அம்மா?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் அழுதார். இந்த முறை பக்கத்து வீட்டுப் பொடியளைக் கூப்பிட்டுப் பரிமாறியிருக்கிறார். நெஞ்செரிவு இன்னும் இருக்கிறது. அன்றிரவு மட்டும் விடியும்வரை நித்திரை கொண்டதாகச் சொன்னார்.