உங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் என்ன விதை கிடக்கிறது?

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான்; எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை. நாலைந்து வயதுப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலர் சொல்வது ஒன்றுதான்: "பென்சில் பிடிக்க மாட்டேங்கிறான் மேடம்." நான் பென்சிலைத் தொடுவதில்லை. மேசைமேல் பல்லாங்குழியை விரித்து வைப்பேன்.

ஐந்து வயதுப் பையன் ஒருவன். குழியிலிருந்த புளியங்கொட்டைகளை அள்ளிவிட்டான். அடுத்த குழியில் ஒன்றே ஒன்று போட வேண்டும். கையைத் திறந்தான், எல்லாம் கொட்டிவிட்டது. மறுபடி அள்ளினான். இந்த முறை இடது கையால் வலது உள்ளங்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டான். நமக்குத் தானாக வருகிற வேலை அவனுக்கு வரவில்லை. மற்ற கொட்டைகளைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பொத்திப் பிடித்திருக்க, ஒன்றை மட்டும் கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். எழுதும்போதும் கை இப்படித்தான் இரண்டு பங்காகப் பிரிகிறது. சுண்டுவிரல் பக்கம் தாளில் ஊன்றிக்கொள்கிறது, கட்டைவிரல் பக்கம் பென்சிலை நகர்த்துகிறது. சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கும் இதே விரல் வேலைதான் வேண்டும்.

"இதே கேம் ஃபோன்ல இருக்கே?" என்று அவன் அம்மா கேட்டார். இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குழியைத் தொட்டால் போதும், விதைகள் தாமாகவே ஓடி விழுந்துவிடும். பிள்ளையின் கை செய்ய வேண்டியதை ஃபோன் செய்துவிடுகிறது.

சின்னவர்களோடு முழு ஆட்டம் ஆட வேண்டாம். பக்கத்துக்கு ஏழாக 14 குழி. பெரியவர்கள் குழிக்கு ஐந்தோ ஆறோ போடுகிற இடத்தில் நான் மூன்றில் தொடங்குவேன், மொத்தம் 42 விதை. ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். மூன்று, நான்கு வரைதான் கண் எண்ணாமலே பிடித்துக்கொள்ளும். 'ஒண்ணு, ரெண்டு' என்று விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு நாள் பார்த்த மாத்திரத்தில் "பசு!" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே உட்கார்ந்து ஆடலாம்.

சரி, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது வேறொரு சம்பவம். அடுத்த வாரம் பையனின் பாட்டியும் வந்தார். "எங்க வீட்டுப் பலகையே பரண்ல கிடந்துச்சு கண்ணு" என்று மஞ்சப்பையிலிருந்து எடுத்தார். பழைய மரப்பலகை, குழிகளெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தன. கூடவே ஒரு சுருக்குப்பை. அதைக் கொட்டினால் சோழி, புளியங்கொட்டை, நடுநடுவே இருபது குன்றிமணிகள். அம்மாவின் மடியிலிருந்த ஒன்றரை வயதுத் தங்கை கை நீட்டி ஒரு சிவப்பு மணியை எடுத்துவிட்டாள். வாய்க்குப் போவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன்.

"நாங்க காலங்காலமா இதுலதானே ஆடுறோம்?" என்றார் பாட்டி. உண்மைதான். குன்றிமணியின் ஓடு கெட்டியானது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைத்தாலோ, கோர்ப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் என்ற கடும் விஷம் உடம்பில் கலக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே பல மணி நேரம் ஆகலாம். அதனால் 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு' என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், ஒரு மணியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் குன்றிமணி. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. அதையும் ஆனைக்குன்றிமணி என்று சொல்வதால் கடையில் வாங்கும்போது குழப்பம் வரும். பெயரைக் கேட்காமல் பொட்டைப் பாருங்கள். மஞ்சாடியும் வாயில் போடுகிற விதை அல்ல.

விஷமில்லாத புளியங்கொட்டையும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். சுமார் 3.2 செ.மீ. அகலக் குழாய்க்குள் போய்விடும் எதையும் அந்த வயதுக்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் பொம்மைத் தரச் சோதனையின் அளவு. விதை தொண்டையில் சிக்கிப் பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமல் வராமல் மூச்சுத் திணறினால் முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டுங்கள், 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். அப்புறம் மூக்கு. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாட்டி அன்றைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபது குன்றிமணியையும் பொறுக்கி எடுத்துவிட்டார். தங்கைக்கு இப்போது தனி ஆட்டம்: இரண்டு கிண்ணம், நாலு பெரிய எலுமிச்சம்பழம். அண்ணன் ஆடுவது அவள் தூங்கும் நேரத்தில். முடிந்ததும் 42 இருக்கிறதா என்று பாட்டியும் பேரனும் எண்ணித்தான் சுருக்குப்பையைக் கட்டுகிறார்கள். போன வாரம் 41தான் வந்ததாம். பாயை உதறி, பலகையைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். கடைசி ஆட்டத்தில் சுண்டுவிரலுக்கடியில் பொத்தி வைத்த கொட்டை, இன்னும் அவன் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.