மண்டலம்: மேலிருந்து பார்க்கும் மாளிகை

மண்டலத்தை அழகான வட்டச் சித்திரமாக மட்டும் பார்த்தால் பாதிகூடப் பிடிபடாது. அதை ஒரு கட்டட வரைபடமாகப் படிக்க வேண்டும்.

திபெத்திய பௌத்த மண்டலத்தின் நடுவே இருப்பது ஒரு மாளிகை. சதுரச் சுவர், திசைக்கு ஒரு வாசல், மையத்தில் தெய்வம். தரையமைப்பை மேலிருந்து பார்த்தபடியே வரைவார்கள். வாசல் தோரணங்களை மட்டும் வெளிப்பக்கமாகப் படுக்கவைத்துக் காட்டுவார்கள். சுற்றியுள்ள வளையங்கள் காவல்: வெளியே நெருப்பு, அதற்குள் வஜ்ராயுத வரிசை, அப்புறம் தாமரை இதழ்கள். கிழக்கு வழக்கமாகப் படத்தின் கீழ்ப்பக்கம் வரும். தியானம் செய்பவர் இந்தத் தட்டைப் படத்தை மனத்துக்குள் மாளிகையாக எழுப்பி, வாசல் வழியே மையத்தை நோக்கிச் செல்லப் பழகுகிறார். காலசக்கரம் என்ற தெய்வத்துக்குரிய மண்டலத்தில் இருப்பவை 722 தெய்வங்கள். அத்தனை பேரையும் நினைவில் நிறுத்தத் திசையும் நிறமும்தான் கைகொடுக்கின்றன.

மணல் மண்டலம் உருவாவதைப் பார்ப்பது தனி அனுபவம். முதலில் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டி, கோடுகள் போடுவார்கள். பிறகு மையத்திலிருந்து வெளிநோக்கி நிறம் ஏற்றிய மணலை நிரப்புவார்கள். கருவியின் பெயர் சக்பூர்: நுனியில் சிறு துளையுள்ள, நீண்ட உலோகக் கூம்பு. துளை குறுகல் என்பதால் மணல்துகள்கள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவுபோல் நின்று வழியை அடைத்துவிடும். கூம்பின் முதுகில் உள்ள வரிப்பற்களை இன்னொரு கோலால் தேய்க்கும்போது எழும் அதிர்வு அந்த வளைவைக் கலைக்கிறது. மணல் நீரைப்போல் ஒழுகுகிறது. மெதுவாகத் தேய்த்தால் சில துகள்கள் மட்டும் விழும். வேகத்தைக் கூட்டினால் தாரை தடிக்கும். கோட்டின் தடிமன் முழுக்கக் கையின் வேகத்தில் இருக்கிறது! நாள்கணக்கில் உழைத்து முடித்ததைச் சடங்கோடு கூட்டி அள்ளி, ஓடும் நீரில் கரைத்துவிடுகிறார்கள். நிலையாமையைப் பயிலும் முறை அது.

மண்டலத்தை மேற்கத்திய உளவியலுக்குள் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். வட்டமும் மையமும் மனத்தின் முழுமையைக் காட்டுகின்றன என்றார். மண்டலங்களுக்கு வண்ணம் தீட்டும் இன்றைய புத்தகங்கள் அந்த வழியில் வந்தவைதான். அவை பதற்றத்தைக் குறைக்குமா? 2005-இல் 84 மாணவர்களிடம் சோதித்தார்கள். வெற்றுத்தாளில் தோன்றியபடி வண்ணம் தீட்டியவர்களைவிட, மண்டலத்துக்கு வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம் அதிகமாகத் தணிந்தது. சரி, வட்டம்தான் காரணமா? கட்டம்போட்ட வடிவத்துக்கு வண்ணம் தீட்டியவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்திருந்தது. பின்னால் 2012-இல் நடந்த மறுசோதனையில் மண்டலமே முந்தியது. என் கணிப்பில், கவனம் அலையாமல் பிடித்துவைக்கும் ஒழுங்கும் சிக்கலும் சேர்ந்த அமைப்புக்கே இதில் பெரும்பங்கு.