போருக்குப் போனவர் போர் வரலாறு நடத்த வருகிறார்: எதைச் சரிபார்ப்பது?

கல்வி நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது அவர்கள் கொடுத்த பட்டம் உண்மையா, பழைய வேலை உண்மையா என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வேதியியல் ஆசிரியர் என்றால் யாருக்கும் கூச்சம் கிடையாது, சான்றிதழ்களை வாங்கி என் பக்கம் தள்ளிவிடுவார்கள். ராணுவ வரலாறு நடத்த ஒரு முன்னாள் வீரர் வருகிறார் என்றால் மட்டும் எல்லோருக்கும் திடீரென்று தயக்கம் வந்துவிடும். "நாட்டுக்காக நின்றவர், அவரிடம் போய்க் காகிதம் கேட்பதா?" என்பார்கள். கேட்கலாம். சேர்ந்த நாளிலிருந்து வெளியே வந்த நாள் வரைக்கும் அவருடைய வாழ்க்கையே படிவம், கையெழுத்து, முத்திரை என்றுதான் ஓடியிருக்கும், காகிதம் கேட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. கூச்சம் நமக்குத்தான்.

அந்தத் தயக்கத்துக்குள் ஒரு குழப்பமும் ஒளிந்திருக்கிறது. அவர் ராணுவத்தில் இருந்தாரா என்பது ஒரு கேள்வி. அவருக்கு ராணுவ வரலாறு தெரியுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தவுடன் இரண்டாவதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். ஜான் கீகன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவ அகாடமியில் வருங்கால அதிகாரிகளுக்கு வரலாறு நடத்தினார். ராணுவ வரலாற்றை எழுதும் முறையையே மாற்றியவர்களில் ஒருவர். சிறு வயதில் வந்த காசநோயால் அவர் ராணுவத்தில் சேரவே முடியவில்லை. தான் எந்தப் போரிலும் இருந்ததில்லை என்பதை 1976-இல் வந்த தன் புகழ்பெற்ற நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். அவருக்கு அதனால் மதிப்பு குறையவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. 2001-இல் அமெரிக்காவில் ஜோசப் எல்லிஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர், அதே வருடம் புலிட்சர் பரிசு வாங்கியவர், வகுப்பில் தன் வியட்நாம் போர் அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவோடு அங்கே இருந்ததாக. பாஸ்டன் குளோப் பத்திரிகை தோண்டிப் பார்த்தபோது அவர் வியட்நாமுக்கே போகவில்லை என்று தெரிந்தது. கல்லூரி அவரை ஒரு வருடம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிற விஷயம், அவர் உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவர் என்பதுதான்! அந்தப் போர் நடந்த வருடங்களில் அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். பட்டம் உண்மை, சீருடை உண்மை, நூல்கள் உண்மை. பொய் நடுவில் உட்கார்ந்திருந்தது, அதுவும் பெரும்பாலும் வகுப்பறையில் வாய்மொழியாகச் சொன்ன கதைகளில். பட்டத்தை மட்டும் சரிபார்க்கிற யாருக்கும் அது அகப்பட்டிருக்காது.

அந்தப் பொய்யால் வரலாற்றுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றாளராக இருந்த எஸ்.எல்.ஏ. மார்ஷலைப் பாருங்கள். சண்டையில் இருக்கும் காலாட்படை வீரர்களில் 15 முதல் 25 சதவீதம் பேர்தான் உண்மையில் சுடுகிறார்கள் என்று 1947-இல் எழுதினார், அந்தக் கணக்கு பல வருடங்கள் ராணுவப் பயிற்சி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த எண்ணுக்கு அடிப்படையான கணக்கெடுப்பு அவருடைய குறிப்புகளில் கிடைக்கவில்லை என்று 1980-களில் ஆய்வாளர்கள் சொன்னார்கள். கூடவே, முதல் உலகப் போரில் களத்திலேயே அதிகாரியாக உயர்த்தப்பட்டதாக அவர் சொல்லிவந்ததும் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை. சண்டையை நேரில் பார்த்தவர் சொன்ன எண் என்பதால் அதை எதிர்த்துக் கேட்க ஆட்களுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பது என் ஊகம்.

சரி, எப்படிப் பார்ப்பது? முதல் விதி, அவர் கையில் கொடுக்கிற நகல் ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அமெரிக்காவில் டிடி 214 என்ற படிவம் 1950 முதல் பணிமுடிவுச் சான்றாக இருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பதக்கங்கள் எல்லாம் அதில் வரும். அதைக் கணினியில் திருத்துவது இன்றைக்குக் கஷ்டமே இல்லை. அதனால் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு செயின்ட் லூயிஸில் உள்ள பணியாளர் ஆவண மையத்திடம் நேராகக் கேட்க வேண்டும். கையெழுத்து கிடைக்காவிட்டாலும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் பணிக்காலம், பதவி, பதக்கம் போன்ற சில விவரங்களைப் பொதுமக்களே கேட்டு வாங்கலாம். பிரிட்டனில் உயிரோடு இருப்பவரின் கோப்புக்கு அவர் ஒப்புதல் வேண்டும், ஆனால் வீரப் பதக்கங்கள் லண்டன் கெஜட் என்ற அந்நாட்டு அரசிதழில் வெளியாகும். இந்தியாவில் ஜவான் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கும், அவருடைய ரெஜிமென்டின் ஆவண அலுவலகம் இருக்கும், வீர விருதுகள் அரசிதழில் வரும். எந்த நாடானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: காகிதம் எங்கே பிறந்ததோ அங்கே போய்க் கேளுங்கள்.

பதக்கங்கள் நிறைய பேசும். 1971 போருக்கு இந்தியா பூர்வி ஸ்டார் என்று கிழக்கு முனைக்கும், பஸ்சிமி ஸ்டார் என்று மேற்கு முனைக்கும் தனித்தனியாகக் கொடுத்தது. மார்பில் பஸ்சிமி ஸ்டார், வாயில் டாக்கா கதை என்றால் மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம். போர் நடந்த வருடத்திலிருந்து அவர் பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்ப்பது இன்னும் சுலபம், ஆச்சரியம் என்னவென்றால் அதைக்கூட யாரும் செய்வதில்லை. அப்புறம் "என் பதிவெல்லாம் ரகசியம், வெளியே வராது" என்கிற பதில். பணி ரகசியமாக இருக்கலாம். ஆனால் அவர் சேர்ந்தது, பயிற்சி முடித்தது, சம்பளம் வாங்கியது, ஓய்வு பெற்றது எல்லாமேவா ரகசியம்? இந்தப் பதில் வந்தால் நான் கோப்பை மூடாமல் இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் பதிவு கிடைக்கவில்லை என்பதற்காக ஆள் பொய்யர் என்று எழுதிவிடாதீர்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரி 1-க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டன, அவற்றுக்கு நகலோ மைக்ரோஃபிலிமோ கிடையாது. சம்பளப் பதிவு, படைப்பிரிவின் தினசரி அறிக்கை என்று வேறு வழிகளில்தான் அவர்களுடைய சேவையைத் திரும்பக் கட்டியெழுப்புகிறார்கள். நானே ஆரம்ப காலத்தில் ஒருவரைப் பற்றி "பதிவு இல்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் ராணுவத்தில் அவர் பெயர் இனிஷியலை விரித்துத் தந்தை பெயரோடு பதிவாகியிருந்தது. அந்த மனிதரிடம் போனில் மன்னிப்புக் கேட்ட ஐந்து நிமிடங்களை மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் "இன்ன இடத்தில், இன்ன பெயரில் தேடினேன், கிடைக்கவில்லை" என்றுதான் எழுதுகிறேன்.

பொய் என்று உறுதியானாலும் அதை ஊரெல்லாம் பரப்புவது நம் வேலையில்லை. வாங்காத பதக்கத்தை வாங்கினேன் என்று வெறுமனே சொல்வது குற்றமாகாது என்று 2012-இல் ஆல்வரெஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதை வைத்துப் பணமோ பலனோ அடைய முயன்றால்தான் 2013 சட்டம் பாயும். நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், அதோடு விடுங்கள்.

வரலாற்றுப் பக்கத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி வகுப்பு போதும். தான் இல்லாத ஒரு போரைப் பற்றி நடத்தச் சொல்லுங்கள், எதிர்த்தரப்பின் ஆவணங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

என்னிடம் வந்த கோப்புகளில் பச்சைப் பொய் குறைவு. அதிகம் வருவது "நாங்கள்". ரெஜிமென்டில் வளர்ந்தவர்கள் தாங்கள் பிறப்பதற்கு முன் நடந்த சண்டையையும் "நாங்கள் பிடித்தோம்" என்றுதான் சொல்வார்கள், அது அந்தக் குடும்பத்தின் பேச்சு, அதில் கள்ளம் இல்லை. ஒரு நிறுவனத்தின் அறிவிப்பில் "அந்த மலையைக் கைப்பற்றிய வீரர்" என்று போட்டிருந்தார்கள். பதிவைப் பார்த்தால் அவர் அந்தப் பட்டாலியனில் சேர்ந்ததே சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து. நேரில் போய், "ஐயா, அந்த நாளில் நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று கேட்டேன். "நானா? நான் அப்போது பள்ளிக்கூடத்தில்" என்றார் சாதாரணமாக. அறிவிப்பை அவர் பார்க்கவே இல்லை, யாரும் காட்டவும் இல்லை. பேனா வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, "அந்த மலையில் இருந்தவர்களோடு பத்து வருடம் பணியாற்றியவர்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். அதைத்தான் அச்சிட்டார்கள்.