வெயில் அடித்தாலும் பவானியில் தண்ணீர் வரும்

மேட்டுப்பாளையத்துக்கு மேலே, பவானி ஆற்றுப் பாறையில் தூண்டிலோடு மாட்டிக்கொள்கிறவர்களைக் கரையேற்றினால் முதல் பேச்சே இதுதான்: “மழையே இல்லீங்களே, தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு?”

மேலே இருக்கிற பில்லூர் அணையிலிருந்துங்க! மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டியதில்லை. நீலகிரியிலும் அட்டப்பாடியிலும் பெய்தால் அணைக்கு வந்துவிடும். அணையின் முழு உயரம் 100 அடி. 97-ஐ நெருங்கினாலே உபரியைத் திறந்துவிடுவார்கள். சரி, சொட்டு மழை இல்லாத மாசியில்? மின்தேவை கூடும்போது மின்நிலைய எந்திரத்தை ஓட்டுவார்கள், அதைச் சுற்றிவிட்ட தண்ணீரும் இதே ஆற்றில்தான் விழும். கரண்டுக்கும் மேகத்துக்கும் என்னங்க சம்பந்தம்? நொடிக்கு 1,000 கன அடி திறந்தார்கள் என்றாலே, அது நொடிக்கு 28,000 லிட்டருக்கு மேல். நீலகிரி அவலாஞ்சி ஓடையில் ட்ரவுட் மீன் பிடிப்பதுபோல நினைத்துக்கொண்டு ஆற்றுக்குள் நடந்து போகாதீர்கள்.

தண்ணீர் முன்னால் மிரட்டிக்கொண்டு வராது. பாறைக்கும் கரைக்கும் நடுவே கணுக்காலளவில் தாண்டி வந்தீர்களே, அந்தப் பள்ளம்தான் முதலில் நிறையும். உங்கள் கண்ணோ தக்கையில் இருக்கும். திரும்பிப் பார்க்கையில் அங்கே இடுப்பளவு ஓடும். வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. முழங்கால் தண்ணீரே பாசிப் பாறையில் ஆளைச் சாய்த்துவிடும்.

உட்கார்ந்ததும் நீர்விளிம்பில் ஒரு குச்சி நடுங்கள். இரண்டு விரற்கடை ஏறினாலோ, தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். கெண்டை கடிக்கிறதே என்று நிற்காதீர்கள். எச்சரிக்கைச் சங்குச் சத்தத்துக்குக் காத்திருப்பதும் வேண்டாம், ஆற்றிரைச்சலில் அது காதில் விழாமலே போகலாம்.

வீச்சு வலைக்காரர்களே, உங்களைக் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வலைக்கயிற்றை மணிக்கட்டில் சுருக்குப் போடாதீர்கள். வலை பாறையில் சிக்கி, தண்ணீரும் ஏறினால், நீச்சல் தெரிந்த கையையே அது கட்டிப்போட்டுவிடும். கயிற்றைப் பிடியில் மட்டும் வையுங்கள், இடுப்பில் கத்தி இருக்கட்டும். லுங்கியோடு இறங்காதீர்கள், காலைச் சுற்றும். குடித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்.

இழுத்துக்கொண்டு போனால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து, காலை நீரோடும் திசைக்கு நீட்டி, சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். 112-க்குக் கூப்பிடும்போது எந்தப் படித்துறை, எந்தக் கரை என்று சொல்லுங்கள். எதிர்க்கரைக்கு வண்டி வந்து நின்றால், பாலம் தேடிச் சுற்றி வருவதற்குள் நேரம் போய்விடும்.