ஸ்டோரி குவில்ட் – கதைப் போர்வை

ஓவியமும் தையலும் எழுத்தும் ஒரே துணியில் சேர்ந்த கலைப்படைப்புக்கு ஸ்டோரி குவில்ட் என்று பெயர். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட் (1930–2024) 1983 முதல் வளர்த்தெடுத்த வடிவம் இது. கித்தானில் (கேன்வாஸ் துணியில்) அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்த படம், அதைச் சுற்றித் துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த விளிம்பு, துணிப்பட்டைகளில் கையால் எழுதிய கதை என்பவை இதன் உறுப்புகள்.

குவில்ட் என்ற சொல்லின் மூலம் லத்தீனின் 'குல்கிதா'. பஞ்சோ மயிரோ அடைத்த மெத்தை, திண்டு என்பது அதன் பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் படுக்கும் மெத்தையைத்தான் குறித்தது; மேலே போர்த்துவது என்ற பொருள் பின்னால் வந்தது. இன்று குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைத்த போர்வை. அந்த ஊடுருவும் தையல் இல்லையென்றால் அது குவில்ட் ஆகாது.

தமிழாக்கங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். 'ஒட்டுத்துணிப் போர்வை' என்று எழுதுகிறார்கள். அது துண்டுகளை இணைத்து மேல்துணி செய்வதை மட்டுமே சொல்கிறது; ஒரே துணியாலான மேல்புறமுள்ள குவில்ட்டும் உண்டு. ஒரு துணிமேல் இன்னொன்றை வெட்டிவைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையும் வேறு. தேருக்குக் கட்டும் தொம்பைகளில் தஞ்சாவூர்க் கலைஞர்கள் செய்வது அதுதான். 'மெத்தை விரிப்பு' என்றால் வாசகருக்குப் படுக்கைமேல் விரிக்கும் சாதாரணத் துணிதான் நினைவுக்கு வரும். 'கந்தை' நெருங்கி வருகிறது. வடமொழிக் 'கந்தா'விலிருந்து வந்த அச்சொல் ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைக் குறித்தது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிடும் காந்தாவும் அதே சொல்தான். ஆனால் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று பழகிவிட்ட நமக்குக் கந்தை கிழிசலாகவே கேட்கிறது.

எனவே தொழிலுக்கு 'அடுக்குத்தையல்', பொருளுக்கு 'அடுக்குத்தையல் போர்வை', ரிங்கோல்டின் வடிவத்துக்குக் 'கதைப் போர்வை' என்பதே எங்கள் பரிந்துரை. சுவரில் தொங்குவதைப் போர்வை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். போர்வை என்ற சொல்லை விடக்கூடாது என்பதற்கு ரிங்கோல்டின் வாழ்க்கையே காரணம்.

நியூயார்க் சிட்டி காலேஜில் ஓவியம் படிக்கப் போனவருக்கு, பெண் என்பதால் அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. ஓவிய ஆசிரியர் பயிற்சிதான் கிடைத்தது. 1955 முதல் 1973 வரை நியூயார்க் பள்ளிகளில் கற்பித்துக்கொண்டே வரைந்தார். 1967-இல் வரைந்த 'டை' (Die, 'செத்துமடி') என்ற எண்ணெய் வண்ண ஓவியம் 12 அடி அகலம். இனக் கலவரத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ரத்தம் சிந்தும் காட்சி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது 2016-இல்தான்.

அவர் அதுவரை காத்திருக்கவில்லை. 1970-இல் விட்னி அருங்காட்சியகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்று மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து போராடினார். அதே ஆண்டு நவம்பரில் ஜட்சன் தேவாலயத்தில் அமெரிக்கக் கொடியைப் பொருளாகக் கொண்ட கண்காட்சியை நடத்தியதற்காக இன்னும் இருவரோடு கைதானார். மூவருக்கும் தலா 100 டாலர் அபராதம். அடுத்து ரைக்கர்ஸ் தீவின் பெண்கள் சிறைக்கு ஓர் ஓவியம் செய்தார். என்ன வரையலாம் என்று கைதிகளிடமே கேட்டார். மருத்துவர், பஸ் ஓட்டுநர் என்று பெண்கள் பல வேலைகளில் இருக்கும் படமாக அது அமைந்தது. எட்டு முக்கோணங்களாகப் பிரித்த அந்த அமைப்பைக் காங்கோவின் குபா மக்களின் துணிக் கோலங்களிலிருந்து எடுத்துக்கொண்டார்.

துணிக்கு அவர் முழுதாகத் திரும்பியது 1972-இல், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் துணி விளிம்பு தைத்த திபெத்தியத் தங்கா ஓவியங்களைப் பார்த்த பிறகு. மரச்சட்டம் இல்லாமல் துணி விளிம்போடு இருந்தால் ஓவியத்தைச் சுருட்டித் தூக்கிப் போய்விடலாம். காட்சிக்கூடங்கள் தேடி வராத ஒரு பெண் கலைஞருக்கு இது பெரிய வசதி. அந்த விளிம்புகளைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய தாய், ஆடை வடிவமைப்பாளர் வில்லி போசி. தாயும் மகளும் சேர்ந்து 1980-இல் முதல் அடுக்குத்தையல் போர்வையை முடித்தார்கள். அதில் ஹார்லெம் மக்களின் 30 முகங்கள். இந்தத் தாய்-மகளின் முன்னோரில் அடிமையாக இருந்து போர்வை தைத்த பெண்ணும் உண்டு. தன்வரலாற்றை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்காதபோது ரிங்கோல்ட் கதையைத் துணியிலேயே எழுதினார். அச்சகம் மறுத்த எழுத்து இப்படி அருங்காட்சியகச் சுவரில் ஏறியது. அடிமைப் பெண்கள் தைத்த படுக்கைத் துணியைப் பெருங்கலை என்று ஒப்புக்கொள்ள வைத்ததுதான் அவர் சாதனை. 'துணிச் சித்திரம்' என்று மாற்றி எழுதினால் அந்த வாதமே மறைந்துவிடும்.

செய்முறை தெரிந்தால் சொற்களும் தெளிவாகும். பருத்தித் துணிகளை முதலில் துவைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும், சாயம் படத்தில் இறங்கும். துண்டுகளை இணைக்கும்போது தையலுக்குக் கால் அங்குலம் விடுவது வழக்கம். ஒவ்வொரு துண்டிலும் நூலளவு பிசகினாலும் பத்துத் துண்டு சேர்ந்ததும் மூலைகள் பொருந்தாது. பஞ்சு விரிப்பும் அடித்துணியும் மேல்துணியைவிடப் பக்கத்துக்கு 2 முதல் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும், தைக்கத் தைக்க மேல்புறம் பரவும். மூன்றையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தற்காலிகத் தையலால் பிடிக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். தையல் வரிசைகள் அதிகம் விலகினால் பஞ்சு நகர்ந்து கட்டிதட்டும். கைத்தையலில் அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் நல்ல வேலை.

வண்ணம் தீட்டிய கித்தானில் ஒரு சிக்கல் கூடுதல். கனமாகப் பூசிய இடத்தில் ஊசி இறங்காது. இறங்கினாலும் துளை மூடாது, தப்பான தையலைப் பிரித்தால் தழும்பு நிற்கும். ஆகவே வண்ணம் மெல்லியதாக இருக்கட்டும், தையல் போகும் கோட்டை முன்பே முடிவு செய்யுங்கள். தொங்கவிட ஆணி அடிக்கக்கூடாது, எடை ஓரிடத்தில் விழுந்து துணி இழுபடும். பின்புறம் மேலோரம் முழுக்க 4 அங்குல அகலத் துணிக்குழாய் தைத்து, அதற்குள் கழி செருகினால் எடை சீராகப் பரவும்.

இங்கே நினைக்க வேண்டிய இன்னொரு சொல் 'கவந்தி'. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் வாழ்கிறார்கள். அவர்களின் பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கும் போர்வை அது. அதைப் பற்றி எழுதும்போது கவந்தி என்றே எழுதுங்கள்.

ரிங்கோல்டைப் 'பல்லூடகக் கலைஞர்' என்பதில் பிழையில்லை. ஆனால் அச்சொல்லைக் கேட்டால் கணினியும் ஒலியும்தான் பலர் மனதில் வரும். 'ஓவியர், போர்வைக் கலைஞர், எழுத்தாளர், உரிமைப் போராளி' என்று பிரித்துச் சொல்வது தெளிவு. கண்காட்சிக் குறிப்பு எழுதுவோர் அவருடைய 1988 படைப்பை இப்படிக் குறிக்கலாம்: 'டார் பீச், கதைப் போர்வை. கித்தானில் அக்ரிலிக் வண்ணம். அச்சிட்டும் வண்ணம் தீட்டியும் துண்டிணைத்தும் அடுக்குத்தையலிட்ட துணி விளிம்பு. குகன்ஹைம் அருங்காட்சியகம், நியூயார்க்.'